அந்த ஈரலை நாய்க்குப் போடாதீர்கள்

கேள்வி: காட்டை ஒட்டிய இடத்தில் செம்மறிகளும் வெள்ளாடுகளும் வளர்க்கிறோம். சில மாதங்களாகக் குட்டிகளின் புழுக்கையில் வெள்ளை வெள்ளையாகச் சோற்றுப் பருக்கை போன்ற துண்டுகள் தெரிகின்றன. குட்டிகள் மெலிந்தும் வருகின்றன. ஐவர்மெக்டின் ஊசி போட்டுப் பார்த்தோம், மறுபடியும் போட்டோம், பயனில்லை. எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு மான்கள் வந்து போகின்றன. அவற்றிடமிருந்துதான் இந்தப் புழு வந்ததா? எங்கள் ஆறு வயது மகள் குட்டிகளோடும் இரண்டு காவல் நாய்களோடும் எப்போதும் விளையாடிக்கொண்டிருப்பாள். ஆட்டிலிருந்து அவளுக்கு நாடாப்புழு தொற்றுமா? அண்மையில் ஒரு கிழட்டு ஆட்டை அறுத்தபோது ஈரலில் நீர்க்கட்டிகள் இருந்தன. நாங்கள் சாப்பிடாமல் நாய்களுக்குப் போட்டுவிட்டோம். சென்ற ஆண்டு ஓர் இளம் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து இறந்துபோனது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி புழுக்கையில் தெரியும் வெள்ளைத் துண்டுகளைப் பற்றியது. ஈரலை நாய்களுக்குப் போட்ட செய்தி போகிற போக்கில் ஒரு வரியாக வருகிறது. ஒரு கால்நடை மருத்துவராக எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வருகிறேன். முதல் கேள்விக்கான பதில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

குட்டிகளின் புழுக்கையில் தெரிபவை பெரும்பாலும் மோனீசியா என்ற நாடாப்புழுவின் கண்ணிகள், அதாவது அதன் உடல் துண்டுகள். இந்தப் புழு குட்டியின் சிறுகுடலில் நான்கு உறிஞ்சிகளால் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஆறு மீட்டர் நீளம்வரைகூட வளரும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆடு செரித்து வைத்த சத்தைத் தன் தோலின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. தலைக்குப் பின்னால் புதிய கண்ணிகள் உருவாகிக்கொண்டே இருக்க, வால்பக்கத்தில் முட்டை நிறைந்த முதிர்ந்த கண்ணிகள் கழன்று புழுக்கையோடு வெளியேறுகின்றன. நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

பார்க்க அருவருப்பாக இருந்தாலும் இந்தப் புழு ஆட்டுக்குச் செய்யும் கெடுதல் குறைவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு மிக அதிக எண்ணிக்கையில் இருந்தால் வளர்ச்சி குன்றலாம், கழிச்சல் வரலாம். மற்றபடி வயது ஏற ஏறக் குட்டியின் உடலே எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொண்டு புழுவை வெளியேற்றிவிடும். உங்கள் பெரிய ஆடுகளின் புழுக்கையில் இவை அரிதாகவே தென்படும். கவனித்துப் பாருங்கள்.

ஐவர்மெக்டின் கேட்காததில் வியப்பில்லை. அது உருண்டைப் புழுக்களையும் வெளி ஒட்டுண்ணிகளையும் கொல்லும் மருந்து. நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் அல்லது அல்பெண்டசோல் கொடுக்க வேண்டும். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் உள்ள ஆடுகளுக்குக் கொடுக்கக் கூடாது, கருவில் ஊனம் ஏற்படலாம். இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மெலிவுக்கு வருவோம். குட்டி மெலிகிறது, புழுக்கையில் புழு தெரிகிறது, ஆகவே தெரிகிற புழுதான் மெலிவுக்குக் காரணம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான மந்தைகளில் அது சரியாக இருப்பதில்லை. ஆடுகளை மெலியவைத்துக் கொல்லும் புழுக்களில் முதலிடம் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழுவுக்குத்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள இது நான்காம் இரைப்பையில் ஆயிரக்கணக்கில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அந்த முட்டைகளில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

குட்டியை வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் இரத்தம் போதுமான அளவு இருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் சோகை தொடங்கிவிட்டது. வெள்ளையாகவே இருந்தால் அந்தக் குட்டிக்கு அன்றே மருந்து தேவை. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குகிறதா என்றும் தடவிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான பமாச்சா என்ற வண்ண அட்டை இதற்காகவே இருக்கிறது. இமையின் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று முடிவு செய்வார்கள்.

ஐவர்மெக்டினுக்கு அசைந்துகொடுக்காத ஹீமாங்கஸ் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நீங்கள் ஊசி போட்ட பிறகும் மெலிவு தொடர்வதால் உங்கள் மந்தையிலும் அது இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கிறேன். மருந்து கொடுக்கும் நாளில் ஒரு முறையும், பத்து முதல் பதினான்கு நாள் கழித்து ஒரு முறையும் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து, அந்த மருந்து உங்கள் மந்தையில் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். குட்டிகளுக்குக் கழிச்சலும் இருந்தால் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அசைபோடும் காட்டு விலங்குகளுக்கும் மோனீசியா வரும். ஆனால் மானிலிருந்து குட்டிக்கு நேராகத் தொற்றாது. புழுவின் முட்டையை மண்ணில் வாழும் மிகச் சிறிய சிற்றுண்ணி விழுங்க வேண்டும். அதன் உடலுக்குள் சில மாதங்கள் இளம்புழு வளர வேண்டும். பிறகு அந்தச் சிற்றுண்ணியைப் புல்லோடு சேர்த்துக் குட்டி தின்ன வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரத்தில் புழுக்கையில் கண்ணி தெரியத் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் உழாமல் மேய்ச்சலுக்கே விட்டிருக்கும் நிலத்தில் இந்தச் சிற்றுண்ணிகள் ஏராளமாக இருக்கும். உங்கள் ஆடுகளின் புழுக்கையே அவற்றுக்குப் போதும். மான்கள் மேல் பழி போட வேண்டியதில்லை. மோனீசியா நாய்க்கும் வராது, மனிதருக்கும் வராது. குட்டிகளோடு விளையாடுவதால் உங்கள் மகளுக்கு இந்தப் புழு தொற்றிவிடுமோ என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

இனி அந்த ஈரல்.

ஆட்டின் வயிற்றுக்குள் காணப்படும் நீர்க்கட்டிகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகை குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்விலோ ஈரலின் மேற்பரப்பிலோ தொங்கிக்கொண்டிருக்கும். சுவர் மெல்லியது, உள்ளே இருக்கும் நீர் தெளிவாகத் தெரியும். கையில் எடுத்துத் திருப்பினால் உள்ளே ஒரே ஒரு வெண்புள்ளி தென்படும். அதுதான் புழுவின் தலை. இது டீனியா ஹைடாடிஜீனா என்ற நாய் நாடாப்புழுவின் இளம்பருவம். மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது வகை ஈரலின் சதைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ புதைந்திருக்கும். தொட்டால் விறைப்பாக இருக்கும். சுவர் தடித்து, பால் நிறத்தில், அடுக்கடுக்காக உரியும். உள்ளே இருக்கும் நீரின் அடியில் நுண்ணிய மணல் போன்ற துகள்கள் படிந்திருக்கும். அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு புழுவின் தலை. ஒரே கட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இதுதான் ஹைடாடிட் கட்டி. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழு உண்டாக்குவது. கட்டி மெதுவாக வளர்வதால் வயதான ஆடுகளில்தான் பெரிதாகவும் துகள் நிறைந்தும் காணப்படும். நீங்கள் அறுத்தது கிழட்டு ஆடு, கட்டிகள் ஈரலில் இருந்தன. எந்த வகை என்று நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அந்தக் கட்டியை நீங்கள் தெரியாமல் சாப்பிட்டிருந்தால்கூட உங்களுக்கு இந்த நோய் வந்திருக்காது. ஆட்டிலிருந்து மனிதருக்கு அது நேராக வருவதில்லை. நாய் சாப்பிட்டால்தான் வினை. கட்டியில் இருந்த தலைகள் நாயின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு முழுப் புழுவாக வளர்கின்றன. ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். வளர்ந்த பிறகும் இந்தப் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான். பெரும்பாலும் மூன்று நான்கு கண்ணிகள்தான் இருக்கும். நாயின் மலத்தில் நீங்கள் தேடினாலும் கண்ணில் படாது. ஆயிரக்கணக்கான புழுக்களைச் சுமக்கும் நாய்கூட நன்றாகத் தின்னும், ஓடும், குரைக்கும். நோயின் அறிகுறி ஒன்றும் இராது.

முட்டை இன்னும் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மலத்தோடு வெளியேறிப் புல்லில், மண்ணில், தண்ணீரில் கலக்கிறது. நாய் தன் பின்புறத்தை நக்கிவிட்டு உடம்பை நக்கும்போது ரோமத்திலும் ஒட்டுகிறது. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். கடும் வெயிலும் வறட்சியும் அதைக் கொல்லும். சாராயம் கலந்த கைத்திரவம் கொல்லாது. அந்த முட்டையை ஆடு புல்லோடு விழுங்கினால் ஆட்டின் ஈரலில் கட்டி வருகிறது. நாயைத் தடவிய கையை வாயில் வைக்கும் குழந்தை விழுங்கினால், குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே கட்டி வருகிறது. மனித உடலில் அது பல ஆண்டுகள் ஓசையில்லாமல் வளரும். சிறுவயதில் தொற்றியது நடுவயதில் வெளிப்படுவது சாதாரணம். கட்டி உடைந்தால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் மகளுக்கு ஆட்டிலிருந்து தொற்றுமோ என்று பயந்தீர்கள். நான் இப்போது கவலைப்படுவது அந்த இரண்டு நாய்களைப் பற்றி.

உடனே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். இரண்டு நாய்களையும் எடை பார்த்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் பிராசிகுவாண்டல் கொடுக்க உங்கள் மருத்துவரிடம் ஏற்பாடு செய்யுங்கள். ஈரல் தின்று ஆறு வாரம் ஆகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். இதற்கு முன் எத்தனை ஈரல் தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மருந்து கொடுத்த இரண்டு நாட்களுக்கு நாய்களைக் கட்டி வைத்து, மலத்தைக் கையுறை அணிந்து அள்ளி எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு முறை மருந்தைத் திரும்பக் கொடுங்கள். புழு மறுபடி தொற்றியிருந்தாலும் முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்கு முன் செத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. தெள்ளுப்பூச்சி மூலம் வரும் வேறொரு நாடாப்புழுவும் நாய்களுக்கு உண்டு. அதன் கண்ணிகள் ஆசனவாயைச் சுற்றி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதற்கும் இதே மருந்துதான், கூடவே தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும்.

மருந்தைவிட முக்கியமானது இனிமேல் பச்சை ஈரலும் நுரையீரலும் நாய்க்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடாதீர்கள். சிறு கட்டி சதைக்குள் மறைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. போட்டே ஆக வேண்டும் என்றால் துண்டுகளாக நறுக்கிக் குறைந்தது அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள். அறுக்கும் இடத்துக்கு நாய்கள் வராதபடி கட்டி வையுங்கள்.

நாய்களை விரட்டிவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டிக்குக் காவல் வேண்டும், உங்கள் மகளுக்கு அந்தத் துணையும் வேண்டும். விளையாடி முடித்ததும், சாப்பிடும் முன்பும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் அவள் கை கழுவட்டும். கழுவுவதால் முட்டை சாகாது, கையை விட்டுப் போய்விடும். அது போதும். நாய் முகத்தை நக்க விட வேண்டாம். காய்கறித் தோட்டத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் அருகில் நாய் போகாதபடி வேலி போடுங்கள்.

மகளுக்கு இப்போது தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பதற வேண்டாம். இந்தச் செய்தியை அவளுடைய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாய்கள் நீண்ட நாட்களாகப் பச்சை ஈரல் தின்று வந்திருந்தால் வயிற்றுக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். அண்மையில் தொற்றியிருந்தால் அதில் தெரியாது என்பதையும் மருத்துவர் விளக்குவார். கட்டி இருப்பது தெரிந்தால் அதன் அளவையும் நிலையையும் பொறுத்து மாத்திரை, ஊசி மூலம் நீரை எடுத்து மருந்து செலுத்துதல், அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. நாய்க்கு வாங்கிய மாத்திரையில் கொஞ்சம் கிள்ளி மகளுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதை மட்டும் செய்துவிடாதீர்கள். அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது.

சுற்றிச் சுற்றி வந்து இறந்த ஆட்டைப் பற்றிக் கேட்டீர்கள். டீனியா மல்டிசெப்ஸ் என்ற மற்றொரு நாய் நாடாப்புழு இருக்கிறது. அதன் முட்டையை ஆடு விழுங்கினால் இளம்புழு மூளைக்குச் சென்று, சில மாதங்களில் சில சென்டிமீட்டர் அளவுள்ள நீர்ப்பையாக வளரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றும், ஒரு கண் பார்வை மங்கும், சில ஆடுகளில் கட்டிக்கு மேல் உள்ள மண்டையோடு மெலிந்து விரல் வைத்தால் அழுந்தும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நோயிலும் ஆடு சுற்றும். ஆனால் அதில் காய்ச்சலும் முகத்தின் ஒரு பக்கம் தொங்குவதும் சேர்ந்து வந்து, சில நாட்களிலேயே ஆடு விழுந்துவிடும். உங்கள் ஆடு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமானதா, இரண்டு மூன்று நாளில் முடிந்துபோனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மெல்ல மோசமாகியிருந்தால் மூளைக் கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஆட்டின் தலையை என்ன செய்தீர்கள்? நாய் தின்றிருந்தால் அந்தச் சுழற்சியும் உங்கள் பட்டிக்குள்ளேயே முழுமையாகிவிட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொன்ன மருந்து இந்தப் புழுவையும் கொல்லும் என்பது ஆறுதல்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று மலைக்காதீர்கள். ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப்பே 1863இல் ஐஸ்லாந்துக்குச் சென்று 100 நாய்களை அறுத்துப் பரிசோதித்தார். 28 நாய்களின் குடலில் எக்கினோகாக்கஸ் இருந்தது. அந்தக் காலத்தில் ஹைடாடிட் நோய் அங்கே மக்களை வாட்டி வதைத்தது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாமல் அழிக்க வேண்டும் என்று விளக்கும் சிறு கையேடு வீடுவீடாகக் கொடுக்கப்பட்டது, சட்டமும் வந்தது. பிராசிகுவாண்டல் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை அது. சில பத்தாண்டுகளில் புதிய நோயாளிகள் வெகுவாகக் குறைந்து, பின்னர் நோயே அங்கிருந்து மறைந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும் பல பத்தாண்டு உழைப்புக்குப் பின், முறையே 1996இலும் 2002இலும் நோய் நீங்கியதாகத் தற்காலிக அறிவிப்பு வெளியிட்டன. செம்மறிகளுக்கு ஈஜி95 என்ற தடுப்பூசியும் வந்து, சீனா, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

காட்டிலிருந்து நோய் வருகிறதா என்று கேட்டீர்கள். எதிர்த் திசையிலும் நடக்கும், அது என்னை மிகவும் வருத்துகிறது. வட அமெரிக்கக் காடுகளில் ஓநாய்க்கும் மூஸ் மானுக்கும் இடையே எக்கினோகாக்கஸ் வகையைச் சேர்ந்த ஒரு புழு நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. நுரையீரலில் கட்டிகள் நிறைந்த மூஸ் மான்கள் மூச்சு வாங்கி ஓநாய்களிடம் எளிதில் சிக்குகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது காட்டின் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. ஐரோப்பியர் குடியேறியபோது அவர்களின் ஆடுகளோடும் நாய்களோடும் எக்கினோகாக்கஸ் அந்தக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து காட்டு நாயான டிங்கோவுக்கும் கங்காரு இனத்தைச் சேர்ந்த வாலபிக்கும் பரவி, இன்று ஆடே இல்லாத காட்டிலும் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறிய உடல் கொண்ட வாலபியின் நுரையீரலில் கட்டி வேகமாக வளர்ந்து மூச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது. இந்தப் புழுவோடு பழகியிராத விலங்குகள் அவை. நாம் கொண்டு போய்ச் சேர்த்தது.

உங்கள் காட்டோரத்தில் நரியோ ஓநாயோ இருந்தால் அவையும் உங்கள் நாய்களைப் போலவேதான். மேய்ச்சலில் செத்துக் கிடக்கும் ஆட்டை அப்படியே விட்டால் அவற்றின் குடலிலும் இதே புழு குடியேறும். மருந்து கொடுக்க அவற்றுக்கு யாரும் இல்லை. அதனால் இறந்த ஆடுகளைத் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கனமான கற்களை அடுக்குங்கள், அல்லது முழுவதுமாக எரித்துவிடுங்கள். அறுக்கும்போது கழிக்கும் உறுப்புகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

அடுத்த முறை ஆடு அறுக்கும்போது கட்டி தென்பட்டால் குத்தியோ வெட்டியோ பார்க்க வேண்டாம். உறுப்போடு சேர்த்து மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, நாய்க்கு எட்டாத இடத்தில் பத்திரப்படுத்தி, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த வகைக் கட்டி என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.